அத்தான் பெயரைக் கழற்றிய கதை

பாப்பா,

அக்கா என்று கூப்பிடாததற்காக நீ என் காதைத் திருகாத நாள் இல்லை. நான் என்ன செய்வது. அப்பா பாப்பா என்றார், அம்மா பாப்பா என்றாள், கோவில்பட்டியில் பால் ஊற்றுகிறவர்கூடப் பாப்பா என்றார். உனக்குப் பின்னால் பன்னிரண்டு வருஷம் கழித்து வந்து பிறந்த நானும் அதையே பிடித்துக்கொண்டேன். நிஜத்தில் பாப்பாவாக இருந்த எனக்கு அந்தப் பெயர் ஒருநாளும் கிடைக்கவில்லை. நீ விட்டுக்கொடுக்கவே இல்லை.

நாமெல்லாம் டெக்சாஸில் இந்தக் காப்பெல் ஊருக்கு வந்த பிறகு நீ ஆபீஸில் பெரிய ஆள். வீட்டிலிருந்தே ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, பெற்ற அம்மாவுக்கே அடையாளம் தெரியாத ஒரு குரலில் இங்கிலீஷ் பேசுவாய். அந்த நேரமாகப் பார்த்து நான் அடுப்படியிலிருந்து, "பாப்பா, ரசத்துக்கு உப்பு போட்டியா?" என்று கத்துவேன். நீ மியூட் பண்ணிவிட்டு ஓடி வருவாய்.

"ஏல, அங்க ஒருத்தன் கேக்கான், ஹூ இஸ் பாப்பான்னு. நான் என்னன்னு சொல்ல?"

"நீதான்னு சொல்லு."

"எரும."

உன் நிஜப் பெயரை இதில் எழுதப் போவதில்லை. யார் பெயரையும் எழுதப் போவதில்லை. ஏனென்றால் எங்களுக்கு நடந்ததே ஒரு பெயரால் வந்த தொல்லைதான். அதை உனக்குச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நான் பிளஸ் ஒன்னைப் பாதியில் விட்டவன், எழுத்துப் பிழை இருந்தால் நீ வழக்கம்போலச் சிவப்புப் பேனா எடுக்காதே.

முதலில் உன் பெருமைகளைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்களுக்கும் நீ யார் என்று தெரிய வேண்டும் அல்லவா.

டெக்சாஸில் இத்தனை வருஷம் இருந்தும் ஃப்ரீவேயில் ஏறாத ஒரே ஆள் நீ. பக்கத்திலேயே சர்வீஸ் ரோடு ஓடும், சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும், நீ அதில் உருட்டிக்கொண்டே போவாய். மேலே வண்டிகள் பறக்கும். "அவங்கெல்லாம் எங்க போறாங்க இவ்ளோ அவசரமா?" என்று கேட்பாய். நாம் பர்த்டே பார்ட்டிக்குப் போய்ச் சேரும்போது கேக் காலியாகி, வந்தவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்தது ரிட்டர்ன். நீ வாங்கிய பொருளில் பாதி கடைக்கே திரும்பிப் போகும். விசேஷத்துக்குப் புது டிரஸ் எடுத்து, விலை டேக்கை வெட்டாமல் கழுத்துக்கு உள்ளே மடித்துவிட்டுப் போவாய். திங்கட்கிழமை அது கடை ஹேங்கருக்கே போய்விடும். அதனால் எல்லா போட்டோவிலும் நீ பிடரியைச் சொறிந்துகொண்டிருக்கிறாய். பார்க்கிறவர்கள் உனக்குக் கழுத்து வலி என்று நினைப்பார்கள். ஒருதரம் பாதி தின்ற மாம்பழப் பெட்டியை, இனிப்பே இல்லை என்று திருப்பிக் கொடுத்தாய். அதுவும் நான் காய்கறிப் பக்கம் வேலை பார்க்கிற இந்தியன் ஸ்டோரிலேயே. மேனேஜர் என்னைத் தேடினார். நான் வாழைக்காய் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

"உங்க அக்காவா அது?"

"இல்ல சார், நம்ம ஊர்க்காரங்க."

இப்போது அந்தப் பெயர் விஷயம். உன் கல்யாணம் முடிந்ததும் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை எடுத்துவிட்டு அத்தான் பெயரைப் போட்டாய். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பெண் பெயருக்குப் பின்னால் முதலில் அப்பா நிற்பார், பிறகு புருஷன் நிற்பார். அமெரிக்காவில் அதையே லாஸ்ட் நேம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்போது நான் உன்னைக் கேட்டேன்:

"என்ன பாப்பா, அப்பாவ ரிட்டர்ன் பண்ணிட்டியா?"

"எக்ஸ்சேஞ்ச்டா."

"பில்லப் பத்திரமா வச்சுக்கோ."

நீ சிரித்தாய். பக்கத்தில் அத்தானும் சிரித்தார்.

ஆனால் அந்தப் பெயரை உன் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவ்வளவு படித்தவள், ஆபீஸில் ஆம்பிளைகளை வேலை வாங்குகிறவள், புருஷன் பெயரைச் சொல்ல மட்டும் வெட்கம். "ஏங்க" தான். ஃபார்மஸி கவுண்டரில் லாஸ்ட் நேம் என்ன என்று கேட்டால், நீ ஒவ்வொரு எழுத்தாகச் சொல்வாய். அவர்கள் ஒட்டி எழுதிக்கொள்வார்கள். "பேரச் சொன்னா என்ன, வாயில முத்தா கொட்டிரும்?" என்று நான் கேட்டால் மருந்துப் பையாலேயே அடிப்பாய். குட்டி பிறந்தாள். அவளுக்கும் அதே லாஸ்ட் நேம். அவர் பெயர் உனக்குப் பின்னாலும் உன் பிள்ளைக்குப் பின்னாலும் நின்றது.

குட்டி முதல் கிளாஸ் படித்தபோது ஒருநாள் மத்தியானம் ஸ்கூலில் இருந்து எனக்குப் போன் வந்தது. பிள்ளையைக் கூப்பிட யாரும் வரவில்லை என்றார்கள். நான் கடையில் வெண்டைக்காய் கொட்டிக்கொண்டிருந்தேன். நீ மீட்டிங்கில் தூங்கிவிட்டாய் என்றுதான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு சந்தோஷம்தான், உன்னை ஒரு வருஷத்துக்குக் கிண்டல் பண்ண விஷயம் கிடைத்துவிட்டதே. குட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு உன் வீட்டுக்கு வரும் வழியெல்லாம், உள்ளே நுழைந்ததும் என்ன சொல்ல வேண்டும் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வாசலில் போலீஸ் வண்டிகள் நின்றன. பக்கத்து வீட்டு அம்மா சத்தம் கேட்டுக் கூப்பிட்டிருந்தாள்.

அதற்கு மேல் அந்த நாளை எழுத மாட்டேன். அத்தான் உன்னைக் கொன்றுவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான். அவருடைய கார் ஏர்போர்ட் பார்க்கிங்கில் நின்றது. அவர் கிடைக்கவில்லை. இன்றைக்கும் கிடைக்கவில்லை. நீங்கள் சண்டை போடுவீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். எல்லா வீட்டிலும் போடுகிற சண்டை என்று இருந்துவிட்டோம்.

சொல்ல வந்த வார்த்தைகள் இன்னும் அப்படியே என் வாயில் இருக்கின்றன, பாப்பா. ரொம்ப நல்ல கிண்டல் அது. நீ கேட்டிருந்தால் நிச்சயம் அடித்திருப்பாய்.

போலீஸ் ஸ்டேஷனில் அம்மாவிடம் கேட்டார்கள். போனில் ஒரு அம்மா தமிழில் கேட்டு இங்கிலீஷில் சொன்னார். கடைசியாக அவரை எப்போது பார்த்தீர்கள் என்று கேள்வி.

"ஞாயித்துக்கெழம வந்தாக. மட்டன் கொழம்பு வச்சிருந்தேன். நல்லா சாப்பிட்டாக. போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுத்தான் போனாக."

நான் அம்மா கையைப் பிடித்தேன். "அம்மா, அவன்னு சொல்லும்மா. வந்தான், தின்னான்னு சொல்லு."

"சொல்லணும்னுதான் நெனைக்கேன், தம்பி. வர மாட்டேங்குது."

பழக்கம் அப்படி. மாப்பிள்ளை என்றால் நம் வீட்டில் அம்மா உட்கார்ந்திருந்த நாற்காலியும் எழுந்து நிற்கும். அம்மாவைச் சொல்வானேன். இதோ நானே இன்னும் அத்தான், அவர் என்றுதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். வேறு வார்த்தை என் கைக்கும் வரவில்லை.

அதற்குப் பிறகு குட்டி எங்களோடு வந்துவிட்டாள். அப்பா முன்பே காலமாகிவிட்டார். அம்மா, நான், குட்டி. இரண்டு பெட்ரூம் அபார்ட்மென்ட். கோர்ட்டில் அம்மாவுக்கே பொறுப்பு கொடுத்தார்கள். அத்தான் பெயரை யாரும் சொல்லக் கூடாது என்று நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை, ஆனால் யாரும் சொல்லவில்லை.

தபால்காரர் மட்டும் விடவில்லை. உங்கள் வீட்டுத் தபால் எல்லாம் இங்கே வந்தது. கிரெடிட் கார்டு தருகிறோம் என்று அவருக்குக் கடிதம் வரும், உங்களைப் போன்ற நம்பிக்கையான கஸ்டமருக்கு என்று போட்டிருக்கும். பல் டாக்டர் ஆபீஸில் இருந்து கார்டு வரும். சிரிக்கிற பல் படம் போட்டு, உங்களைப் பார்த்து ரொம்ப நாளாகிறது, மிஸ் பண்ணுகிறோம் என்று. டிடெக்டிவ் எப்போதாவது போன் பண்ணி, புதிதாக ஒன்றும் இல்லை என்பார். அத்தானை விடாமல் தேடுவது அந்தப் பல் டாக்டர்தான். முன்னால் அந்தக் கார்டைக் கிழித்துப் போடுவேன். இப்போது ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறேன், அவராவது தேடட்டும்.

போலீஸ் வெப்சைட்டில் அத்தான் படம் இருக்கிறது. மேலே வான்டட் என்று போட்டு, கீழே முழுப் பெயர். எப்போதும் அவர்தான் போட்டோ எடுப்பார், அதனால் அவர் இருக்கிற படம் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. குட்டியின் பர்த்டேயில் நான் எடுத்தது ஒன்று கிடைத்தது. கூம்பு மாதிரி காகிதத் தொப்பி போட்டிருந்தார். போலீஸ்காரர்கள் தொப்பியை வெட்டிவிட்டார்கள். தாடைக்குக் கீழே இழுத்துப் பிடிக்கிற அந்த எலாஸ்டிக் மட்டும் நிற்கிறது. ஊரெல்லாம் தேடுகிற ஆளின் கழுத்தில் பர்த்டே தொப்பி எலாஸ்டிக். நீ பார்த்திருந்தால் இந்தப் படத்தையும் ரிட்டர்ன் பண்ணு என்றிருப்பாய்.

போன வருஷம் குட்டி ஐந்தாம் கிளாஸ். ஸ்கூலில் ஃபேமிலி ட்ரீ வரைகிற ப்ராஜெக்ட். கூடப் படிக்கிற பிள்ளைகள் அவரவர் லாஸ்ட் நேமை நெட்டில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், யார் பெயரில் ராஜா வருகிறார், யார் பெயரில் கிரிக்கெட் பிளேயர் வருகிறார் என்று. ஒரு பெண் குட்டியின் பெயரையும் காப்பெல் என்று ஊரையும் சேர்த்துப் போட்டிருக்கிறாள்.

குட்டி வீட்டுக்கு வந்து பையைக்கூட இறக்கவில்லை.

"மாமா, என் லாஸ்ட் நேம் போட்டா டாட் வர்றார். ஃப்ரம் மை பர்த்டே."

நடந்தது அவளுக்குத் தெரியும். ஸ்கூல் கவுன்சிலர் சொல்லச் சொன்ன மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லியிருந்தோம். ஆனால் தெரிவது வேறு, மற்ற பிள்ளைகளின் டேப்லெட்டில் பார்ப்பது வேறு.

"அவங்க என்ன சொன்னாங்க?"

"நத்திங். ஷி ஜஸ்ட் குளோஸ்ட் இட். எல்லாரும் ரொம்ப நைஸா ஆயிட்டாங்க. ஐ ஹேட் தட்."

கொஞ்ச நேரம் கழித்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஆகஸ்ட்ல மிடில் ஸ்கூல். அங்க எல்லார்கிட்டயும் போன் இருக்கும். அதுக்கு முன்னாடி மாத்திடு மாமா. ப்ளீஸ்."

அவள் என்னிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை. நாய்க்குட்டி கேட்டபோதுகூட ப்ளீஸ் சொல்லவில்லை, சண்டைதான் போட்டாள்.

கடைக்கு ஒரு வக்கீல் ஆன்ட்டி வருவார், முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து வாங்குகிறவர். அவரிடம் கேட்டேன்.

"மாத்தலாம் தம்பி. உங்க அம்மாதான கார்டியன், அவங்க பெட்டிஷன் போடலாம். பத்து வயசு ஆயிட்டா குட்டியும் சம்மதம்னு சைன் பண்ணணும். ஆனா அப்பாவுக்கு நோட்டீஸ் போகணும்."

"எந்த அட்ரஸுக்கு ஆன்ட்டி?"

"அதுதான். ஆள் கிடைக்கலன்னா பப்ளிக்கா நோட்டீஸ் போடுவாங்க. கோர்ட்டே அவருக்குன்னு ஒரு வக்கீல வைக்கும். அந்த வக்கீல் தேடிப் பார்ப்பாரு, அப்புறம் அவர் பக்கத்தைப் பேசுவாரு."

"அவருக்கு ஒரு பக்கம் இருக்கா?"

"கோர்ட்ல எல்லாருக்கும் ஒரு பக்கம் உண்டுப்பா. அந்த வெண்டைக்காய் ஃப்ரெஷ்ஷா?"

அப்படி வந்தவர்தான் அத்தானின் வக்கீல். சின்ன வயதுக்காரர், டெக்சாஸ்காரர், பூட்ஸ் போட்டிருப்பார். போன் பண்ணி, வீட்டுக்கு வந்து சில கேள்விகள் கேட்க வேண்டும் என்றார். அன்றைக்குக் காலையிலிருந்து அம்மா ஒரு இடத்தில் நிற்கவில்லை. சோஃபாவில் புது விரிப்புப் போட்டாள். சாமி அலமாரியில் இருந்து வெள்ளி டம்ளரை எடுத்துத் துலக்கினாள். ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த கடலை மிட்டாயைத் தட்டில் அடுக்கினாள். போய் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள்.

"என்னம்மா பண்ணுத?"

"மாப்பிள்ள வீட்ல இருந்து வாராகல்ல. சும்மாவா உக்கார வைக்க முடியும்."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அம்மாவுக்கே தெரிந்தது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். குட்டிதான் தட்டிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டாள். அம்மா அவள் கையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"வந்தவுகளுக்கு வச்சிருக்கேன். கைய வச்சா பாரு."

"அவர் நம்ம சைட் இல்லல்ல, ஆச்சி. அவருக்கு எதுக்கு?"

"அந்த மனுசன் என்ன செஞ்சாரு பாவம். வேலைக்கு வாராரு."

அவர் வந்தார். பூட்ஸை வாசலில் கழற்றினார், எங்கள் செருப்புகளைப் பார்த்துவிட்டு. அத்தானுக்கு நண்பர்கள் யார், எந்த ஊருக்குப் போயிருப்பார், சொந்தக்காரர்கள் போன் பண்ணினார்களா என்று கேட்டு எழுதிக்கொண்டார். போலீஸ் கேட்ட அதே கேள்விகள்தான். அம்மாவிடம், அவர் எப்படிப்பட்ட ஆள் என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன். அம்மா மிட்டாய்த் தட்டை அவர் பக்கம் தள்ளி வைத்தாள்.

"மீன் சாப்பிட மாட்டாக. முள்ளுன்னா பயம்."

நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். அவர் அதையும் எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவைக் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். காப்பியைக் குடித்தார். கடலை மிட்டாயை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டைக் காலி பண்ணினார். மாப்பிள்ளை வீட்டார் முறையில் ஒன்றும் குறையவில்லை, பாப்பா.

அடுத்து வந்தது, புதிதாக எந்தப் பெயரைப் போடுவது என்ற சண்டை. அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை.

"தாத்தா பேரப் போடுங்க. அதுதான் மொற."

அப்பா பெயர் உனக்குத் தெரியும். ஒரு மூச்சில் சொல்ல முடியாது. குட்டி எழுதிப் பார்த்தாள்.

"ஆச்சி, டெஸ்ட் பேப்பர்ல பாக்ஸ் பத்தாது. தாத்தா பாதில நின்னுடுவார்."

"அப்ப உங்க மாமா பேரப் போடு."

"ஈவ்," என்றாள் குட்டி. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். "ஐ வான்ட் அம்மாஸ் நேம்."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "அம்மா பேர யாரு பின்னால போடுவா? தகப்பன் தெரியாத பிள்ளைன்னு நெனைக்க மாட்டாகளா ஊர்ல?"

"தகப்பன் யாருன்னு தெரிஞ்சதுதானம்மா இப்ப பிரச்சனையே," என்றேன்.

அம்மா என்னை முறைத்தாள். சாப்பாடு போட்டாள், பாத்திரம் கழுவினாள். கழுவிக்கொண்டிருக்கும்போது குட்டியின் பெயரோடு உன் பெயரைச் சேர்த்து மெல்லச் சொல்லிப் பார்த்தாள். தண்ணீர்ச் சத்தத்தில் எங்களுக்குக் கேட்காது என்று நினைத்திருப்பாள். இன்னொருதரமும் சொன்னாள்.

"கூப்பிடுறதுக்கு நல்லாத்தான் இருக்கு," என்றாள், எங்கள் பக்கம் திரும்பாமலேயே.

கோர்ட்டுக்குப் போகிற நாளில் நான்தான் கார் ஓட்டினேன். ஃப்ரீவேயில் ஏறப் போனேன். பின்னால் இருந்து குட்டி, "சர்வீஸ் ரோட்ல போ மாமா," என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. எல்லாச் சிக்னலிலும் நின்றோம். ஓடித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே, "அப்படியே அவ ஆத்தா," என்றாள்.

ஜட்ஜ் வயதான அம்மா. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தார். மொழிபெயர்க்க ஒரு சென்னைக்காரர் அம்மா பக்கத்தில் நின்றார். முதல் கேள்வி சுலபமானதுதான். பிள்ளையின் இப்போதைய பெயரை முழுதாகச் சொல்லுங்கள் என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள்.

நாங்கள் இதை யோசிக்கவே இல்லை, பாப்பா. வக்கீல் ஆன்ட்டி எத்தனையோ சொல்லிக் கொடுத்திருந்தார், எங்கே நிற்க வேண்டும், எப்போது எழுந்திருக்க வேண்டும் என்று. பிள்ளை பெயரை முழுதாகச் சொன்னால் அதில் மாப்பிள்ளை பெயர் வரும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. அவர் பெண் பார்க்க வந்த நாளிலிருந்து அம்மா அந்தப் பெயரைச் சொன்னதில்லை. முதலில் மரியாதைக்காகச் சொல்லவில்லை. பிறகு எதற்காகச் சொல்லவில்லை என்று எழுத எனக்குத் தெரியவில்லை.

"அதான் அந்தப் பேப்பர்ல எழுதியிருக்குல்லா," என்றாள் அம்மா.

மொழிபெயர்ப்பாளர் சொன்னார். ஜட்ஜ் பொறுமையாக, அவர் வாயால் கேட்க வேண்டும் என்றார்.

நான் சொல்லட்டுமா என்று எழுந்தேன். உட்காரச் சொன்னார்கள். குட்டி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீயாக இருந்திருந்தால் எழுத்து எழுத்தாகச் சொல்லித் தப்பித்திருப்பாய். அம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்தும் தெரியாது.

அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். சொன்னாள். முதலில் குட்டி பெயர், அப்புறம் அவர் பெயர். அந்த ஹாலில் அது ஒரு சாதாரணப் பெயராகத்தான் கேட்டது. நம் ஊரில் ஒவ்வொரு தெருவிலும் ஒருத்தர் இருப்பார் அந்தப் பெயரில். இதற்கா இத்தனை வருஷம் பயந்தோம் என்று இருந்தது.

ஏன் மாற்ற வேண்டும் என்று ஜட்ஜ் கேட்டார்.

"அவன் பேரு எம் பேத்திக்கு வேண்டாம்."

அவன் என்றாள், பாப்பா. நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். மொழிபெயர்ப்பாளர் அதை இங்கிலீஷில் சொன்னபோது அது வெறும் 'ஹிஸ்' ஆகிவிட்டது. ஜட்ஜுக்கு என்ன தெரியும், அம்மா எவ்வளவு தூரம் நடந்து வந்து அந்த வார்த்தையைப் போட்டாள் என்று. எனக்குத் தெரியும். சென்னைக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவர் அம்மாவுக்குத் தண்ணீர் கேட்டு வாங்கிக் கொடுத்தார்.

பிறகு அத்தானின் வக்கீல் எழுந்தார். எங்கெல்லாம் தேடினேன், யாரிடமெல்லாம் கேட்டேன் என்று படித்தார். கிடைக்கவில்லை என்றார். என்னுடைய கட்சிக்காரர் சார்பில் மறுப்புச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை என்றார். அவ்வளவுதான் அத்தானின் பக்கம். குட்டி எழுந்து, ஆமாம், எனக்கு என் அம்மா பெயர் வேண்டும் என்று சொன்னாள், உன் ஆபீஸ் குரலில். சத்தியமாக அதே குரல். ஹெட்செட் மட்டும்தான் இல்லை.

ஜட்ஜ் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வரும்போது அந்த வக்கீல் அம்மாவிடம் வந்து, அந்த மிட்டாய்க்கு நன்றி என்றார். அம்மா என்னிடம், "வீட்ல இன்னும் கொஞ்சம் இருக்கு, எடுத்துட்டு வந்திருக்கலாம்ல," என்றாள்.

ஆகஸ்டில் குட்டி மிடில் ஸ்கூல் போனாள். முதல் நாள் வந்ததும், "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். "போரிங்," என்றாள். அந்த வார்த்தையை அம்மா சாமியிடம் போய்ச் சொல்லி சூடம் காட்டினாள்.

கொஞ்ச நாள் கழித்து குட்டிக்கு இருமல். ஃபார்மஸிக்குக் கூட்டிக்கொண்டு போனேன், நீ வழக்கமாகப் போன அதே ஃபார்மஸிதான். அவளைக் கவுண்டரில் நிற்கவைத்துவிட்டு நான் இருமல் மிட்டாய் பார்த்துக்கொண்டிருந்தேன். லாஸ்ட் நேம் என்ன என்று கேட்டார்கள். குட்டி சத்தமாகச் சொன்னாள். உன் பெயரை. கடை முழுக்கக் கேட்டது. யாரோ உன்னைக் கூப்பிட்ட மாதிரி நான் சட்டென்று திரும்பிப் பார்த்தேன். எந்தப் பக்கமாக வருவாய் என்று பார்த்தேன், பாப்பா. வாசல் பக்கம்தான் பார்த்தேன்.

"வாட்?" என்றாள் குட்டி.

"ஒண்ணுமில்ல. இன்னொருதரம் சொல்லு."

"யூ ஆர் வியர்டு, மாமா." ஆனாலும் சொன்னாள்.

உன்னுடைய பெயர் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. டெத் சர்டிஃபிகேட்டில், பெயர் பொறித்த கல்லில், எல்லாவற்றிலும் உனக்குப் பின்னால் அவர்தான் நிற்கிறார். அதை மாற்ற முடியுமா என்று வக்கீல் ஆன்ட்டியிடம் கேட்டிருக்கிறேன். பார்க்கலாம் என்றிருக்கிறார். எவ்வளவு நாள் ஆனாலும் திருப்பி எடுத்துக்கொள்கிற கடை ஒன்று இருந்தால் நீதான் கண்டுபிடித்திருப்பாய். கொஞ்சம் பொறுத்துக்கொள். டேக் குத்தினால் சொறிந்துகொள்.

இதைப் படிக்கிற அண்ணன்மாரே, அக்காமாரே, ஆன்ட்டி, அங்கிள் எல்லோரும் எங்கள் பாப்பாவுக்காக ஒருதரம் வேண்டிக்கொள்ளுங்கள். கோயிலோ சர்ச்சோ பள்ளிவாசலோ, காரில் சிக்னலுக்கு நிற்கும்போதோ, எங்கே என்றாலும் சரி. அவர் அகப்பட வேண்டும் என்றும் வேண்டிக்கொள்ளுங்கள், அம்மா கண்ணை மூடுவதற்குள். பெயர் தெரியவில்லையே என்று யோசிக்க வேண்டாம். பாப்பா என்றால் போதும். எந்தப் பாப்பா என்று சாமி கேட்டால், சர்வீஸ் ரோட்டில் மெதுவாக வந்துகொண்டிருப்பாளே அந்தப் பாப்பா, கொஞ்சம் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று சொல்லுங்கள்.